இன்டர்வியூவில் கேட்பார்கள்: எத்தனை ஏரியா?

சி.சி.என்.ஏ. சர்ட்டிஃபிகேட் இன்றைக்கு யாரிடம்தான் இல்லை? ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு நெட்வொர்க் இன்ஜினீயர் வேலை விழுந்தால் போதும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, அரக்கோணம் என்று நாலா பக்கமிருந்தும் ரெஸ்யூமே கொட்டும். எல்லாம் ஒரே அச்சு. ‘ரவுட்டிங் அண்ட் ஸ்விட்சிங்’, ‘ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. நாலெட்ஜ்’, ‘டீம் பிளேயர்’. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது.

இந்தக் கூட்டத்தில் தனியாகத் தெரிய ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். ஓ.எஸ்.பி.எஃப். நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இப்போதைய சி.சி.என்.ஏ. 200-301 சிலபஸில் ஒற்றை ஏரியா ஓ.எஸ்.பி.எஃப். மட்டும்தான் உண்டு. பல ஏரியா வேண்டுமானால் சி.சி.என்.பி.யின் 350-401 என்கோர் தேர்வு வரை ஏற வேண்டும். ஆகவே உங்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஏரியா ஜீரோவைத் தாண்டியிருக்க மாட்டார்கள். கம்பெனியின் நெட்வொர்க் அந்த சிலபஸைப் பார்த்துக் கட்டப்பட்டதல்ல. அந்த இடைவெளியில்தான் உங்கள் சான்ஸ் இருக்கிறது.

பிரிக்கத் தெரிவது பாதி வேலை. எங்கே பிரிக்க வேண்டாம் என்று காரணத்தோடு சொல்வது மீதிப் பாதி. சம்பளத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் அந்த மீதிதான்.

1. ‘ஏன் ஏரியா?’ என்ற கேள்விக்கு இரண்டு நிமிட பதில் தயாராக இருக்கட்டும்.

ஓ.எஸ்.பி.எஃப். பின்பற்றும் லிங்க்-ஸ்டேட் முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் கைவசம் உள்ள லிங்க்குகளை ஊருக்கெல்லாம் அறிவிக்கும். அறிவிப்புகளைச் சேர்த்து எல்லா ரவுட்டர்களும் ஒரே மேப்பை வைத்துக்கொள்ளும். டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட கணக்கைப் போட்டு, ஒவ்வொன்றும் தனக்கான குறுகிய பாதைகளைத் தானே கண்டுபிடிக்கும். ஒரு லிங்க் விழுந்தால் செய்தி எல்லோருக்கும் போகும். எல்லோரும் கணக்கை மறுபடி போடுவார்கள். நெட்வொர்க் பெருத்தால் மேப்பும் பெருக்கும், கணக்கும் பெருக்கும். அதைத் துண்டு போட்டு, உள்ளூர் மேப்பை உள்ளூருக்குள் நிறுத்துவதுதான் ஏரியா.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் அடுத்த வாக்கியத்தையும் சொல்லுங்கள். ‘ஒரு ஏரியாவுக்கு 50 ரவுட்டர்’ என்ற பழைய சிஸ்கோ அளவுகோல் அந்தக் காலத்து சி.பி.யு.வுக்காக வந்தது. இன்றைய ரவுட்டர்கள் சில நூறு பேரை ஒரே ஏரியாவில் வைத்து அலுங்காமல் ஓட்டும். ஆகவே, “எங்களிடம் முப்பது ரவுட்டர், எத்தனை ஏரியா போடுவீர்கள்?” என்று கேட்டால், “ஒன்று போதும் சார்” என்று சொல்லுங்கள். கேட்பவர் புருவத்தைத் தூக்குவார். தூக்கட்டும். உடனே காரணத்தையும் அடுக்குங்கள்: சி.பி.யு. கவலை இப்போது பின்னால் போய்விட்டது. ஏரியா தேவைப்படுவது மூன்று இடங்களில். ஒன்று, ஒரு மூலையில் நடக்கும் கோளாறு மற்ற இடத்துக்குப் பரவக் கூடாது என்றால். இரண்டு, நூற்றுக்கணக்கான ரூட்டுகளை ஒரே வரியாகச் சுருக்க வேண்டும் என்றால். மூன்று, கடைசி முனையில் மலிவான சின்ன ரவுட்டர்கள் இருந்தால். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் ஏரியா போடுவது விசிட்டிங் கார்டில் டிசிக்னேஷன் நீளமாகப் போடுவதற்குச் சமானம்.

2. ஒரு பழைய விபத்தைக் கதையாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

1980 அக்டோபர் 27. இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. அதில் ஓடியதும் லிங்க்-ஸ்டேட் முறைதான். ஒரு நோடின் ஸ்டேட்டஸ் செய்தியில் பிட்டுகள் உதிர்ந்து, அதே நோடின் பெயரில் 8, 40, 44 என்ற வரிசை எண்களோடு மூன்று செய்திகள் கிளம்பின. எண்கள் 64-க்குள் வட்டமாகச் சுற்றும் ஏற்பாடு. அந்தக் கணக்கில் 8-ஐவிட 40 புதிது, 40-ஐவிட 44 புதிது, 44-ஐவிட மறுபடி 8 புதிது! ஒவ்வொரு நோடும் ‘புதுசு வந்திருக்கு’ என்று வாங்கி அடுத்தவருக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. மூன்று செய்திகளும் ஓயாமல் சுற்றி எல்லோரையும் திணறடித்தன.

எரிக் ரோசன் 1981-இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 789 இந்த விபத்தின் போஸ்ட்மார்ட்டம். சில பக்கம்தான், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். பின்னால் ஜான் மோய் எழுதிய ஓ.எஸ்.பி.எஃப்.-இல் (முதல் வடிவம் 1989, இன்றும் ஆதாரமாக இருக்கும் ஆர்.எஃப்.சி. 2328 1998-இல்) வரிசை எண் வட்டமடிக்காமல் நேர்கோட்டில் போகிறது. செக்சம் இருக்கிறது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் வயது உண்டு: 30 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் செத்ததாகக் கணக்கு. இவற்றின் மேல் ஏரியா என்ற வேலி. ஒரு ரவுட்டர் பைத்தியம் பிடித்து உளறினால்கூட, அதன் மேப் செய்திகள் வேலிக்குள்தான் சுற்றும்.

இன்டர்வியூவில் தியரி ஒப்பிப்பவரை மறந்துவிடுவார்கள். இந்தக் கதையைச் சொன்னவரை லஞ்ச் டைமில் பேசிக்கொள்வார்கள்.

3. ஏரியா ஜீரோ எதற்கு என்று மனப்பாடமில்லாமல் சொல்லுங்கள்.

“எல்லா ஏரியாவும் ஏரியா ஜீரோவோடு ஒட்டியிருக்க வேண்டும்” என்பதுவரை எல்லோருக்கும் வரும். “ஏன்?” என்று கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பதில் இதுதான். ஏரியாவுக்குள் எல்லோரிடமும் முழு மேப் இருக்கிறது. எல்லையில் நிற்கும் ஏரியா பார்டர் ரவுட்டர், அதாவது ஏ.பி.ஆர்., அந்த மேப்பை வெளியே விடாது. ‘இந்த நெட்வொர்க் என் வழியாக வந்தால் இவ்வளவு காஸ்ட்’ என்று மட்டும் சொல்லும். அதாவது உள்ளே லிங்க்-ஸ்டேட், ஏரியாக்களுக்கு நடுவே கிட்டத்தட்ட டிஸ்டன்ஸ்-வெக்டர். காதில் கேட்டதை நம்பிப் போகும்போது சுற்றிச் சுற்றி வரும் லூப் ஆபத்து உண்டு. அதனால்தான் ஏரியாக்களுக்கு இடையிலான செய்தி எல்லாம் நடுவில் இருக்கும் ஜீரோ வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டுப்பாடு. கிளைகள் தங்களுக்குள் கிசுகிசுக்க முடியாது, லூப்புக்கும் வழி இல்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு ஏ.பி.ஆர். சட்டென்று பிடிபடும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. அரக்குக் கரை பச்சை உடலுக்குள் ஓடாது, பச்சை கரைக்குள் வராது. இரண்டும் பின்னிக்கொள்வது அந்த ஒற்றைக் கோட்டில்தான். விவரம் தெரிந்தவர் சேலையைத் திருப்பிப் போட்டு முதலில் விரலால் தடவுவது அந்தக் கோட்டை. உங்கள் டிசைனைப் பார்க்கும் சீனியரும் முதலில் ஏ.பி.ஆர். எங்கே, எத்தனை என்றுதான் பார்ப்பார்.

ஜீரோவோடு ஒட்ட முடியாத ஏரியாவுக்கு வர்ச்சுவல் லிங்க் என்றொரு ஒட்டு இருக்கிறது. இரண்டு கம்பெனிகள் இணையும்போது தற்காலிகமாகப் போடலாம். போடும்போதே எடுக்கும் தேதியையும் டிக்கெட்டில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ரிசைன் பண்ணிப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும். இன்னொன்று, அது கடந்து போகும் ஏரியா ஸ்டப்பாக (6-ஆம் குறிப்பில் வருகிறது) இருக்கக் கூடாது. இதை வைத்துக் குறுக்குக் கேள்வி வரும்.

4. சொந்த மாவட்டத்தைப் பேப்பரில் போட்டுப் பழகுங்கள்.

யூடியூப் லேபில் நாலு ரவுட்டரை இணைப்பதால் டிசைன் கண் வராது. கண் முன்னால் இருக்கும் ஊரை எடுங்கள். ஸ்டேட் வைட் ஏரியா நெட்வொர்க் திட்டத்துக்கு மத்திய அரசு 2005 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்தது. மாநிலத் தலைநகர், மாவட்டத் தலைநகர், ஒன்றியம் என்று படிக்கட்டு வடிவம்; ஒரு லிங்க்குக்குக் குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். தமிழ்நாட்டில் அதை எல்காட் பார்க்கிறது. ஒன்றியத்துக்குக் கீழே ஊராட்சிவரை ஃபைபர் கொண்டுபோவது பாரத்நெட்; இங்கே டான்ஃபிநெட் நிறுவனத்தின் பொறுப்பு, 12,525 ஊராட்சிகள். அவர்கள் நெட்வொர்க்குக்குள் எந்த புரோட்டோகால் ஓடுகிறது என்பது நமக்கு வேண்டாம். படிக்கட்டு வடிவத்தை மட்டும் கடன் வாங்குவோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்கள்: காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர். மாவட்டத்துக்கு 10.40.0.0/16 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றியத்துக்கு ஒரு /20. உத்திரமேரூருக்கு 10.40.48.0/20 என்றால் 10.40.63.255 வரை அதன் சொத்து. ஊராட்சிக்கு ஒரு /27 கொடுத்தால் ஒரு /20-க்குள் 128 ஊராட்சிகள் அடங்கும். மாவட்ட ஆபீஸும் ஒன்றிய ஆபீஸ்களும் சேர்ந்தது ஏரியா ஜீரோ. ஒன்றியத்துக்குக் கீழே தனி ஏரியா. உத்திரமேரூர் ஏரியாவின் எண் 48. அட்ரஸில் இருக்கும் அதே எண். நள்ளிரவு மூன்று மணிக்கு அலாரம் அடித்தால் எக்ஸெல் ஷீட்டைத் தேட வேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை, ஏ.பி.ஆர்.-இல் ‘ஏரியா 48 ரேஞ்ச்’ என்று கொடுத்து அந்த /20-ஐ ஒற்றை வரியாகச் சுருக்குவது. ஏரியா பிரித்துவிட்டு இதைச் செய்யாமல் விடுபவர்கள் ஏராளம். அப்படி விட்டால் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ஊராட்சியின் லிங்க் விழும்போதெல்லாம் குன்றத்தூர் ரவுட்டருக்கும் செய்தி போய்க்கொண்டே இருக்கும். முழுக் கணக்குப் போட வேண்டியிருக்காது, ஆனால் ரூட்டிங் டேபிள் ஆடிக்கொண்டே இருக்கும். ரேஞ்ச் கொடுத்துவிட்டால் வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. அட்ரஸ் பிளான் ஒழுங்காக இருந்தால்தான் ரேஞ்ச் கொடுக்கவே முடியும் என்பதைக் கவனியுங்கள். ஏரியா டிசைன் என்பது தொண்ணூறு சதவீதம் அட்ரஸ் டிசைன்தான் என்று நான் சொல்வேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

5. ஏரியா எல்லையை அரசாங்க மேப்பைப் பார்த்துப் போடாதீர்கள்.

2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. தாம்பரமும் மாமல்லபுரமும் ஒரே நாளில் வேறு கலெக்டருக்குக் கீழே போய்விட்டன. 2007-இல் தொடங்கிய ஐ.ஐ.ஐ.டி.டி.எம். காஞ்சிபுரம் பெயரில் இன்னும் காஞ்சிபுரம்தான், வளாகம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். அட்ரஸ் எழுதும் மாணவர்கள் பாடு! ஒரு ஏரியாவுக்கு ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று எல்லை போட்டிருந்தால் அன்றைக்கு அதன் கதி என்ன என்று யோசியுங்கள். எத்தனை ரவுட்டரில் ஏரியா எண் மாற்ற வேண்டும், எத்தனை நைட் சேஞ்ச் விண்டோ?

மாவட்டம் பிரியலாம், கம்பெனியில் டிபார்ட்மென்ட் மாறலாம், வி.பி. மாறலாம். மண்ணுக்குள் புதைத்த ஃபைபர் அங்கேயேதான் இருக்கும். எல்லையை ஃபைபர் போகும் போக்கிலும் அட்ரஸ் பிளாக்கிலும் போடுங்கள். மேலே ஒன்றியவாரியாகப் பிரித்ததும் படிக்கட்டு வடிவத்தில் லிங்க் அப்படிப் போவதால்தான். மேனேஜர் “ஃபைனான்ஸுக்குத் தனி ஏரியா வேண்டும்” என்று கேட்டால், அது ஏரியாவின் வேலை இல்லை, வி.ஆர்.எஃப்.-ஓ ஃபயர்வாலோ செய்ய வேண்டிய வேலை என்று மரியாதையாகச் சொல்லத் தெரிய வேண்டும். மறுத்ததோடு விடாமல் மாற்றையும் கையில் கொடுங்கள். அப்போதுதான் அப்ரைசலில் உங்கள் பெயர் வரும்.

6. ஸ்டப் வகைகளைத் திருவிழாவை வைத்துப் படியுங்கள்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் தரிசனம். நாற்பது வருடத்துக்கு ஒரு முறை வருவது. அப்படிப்பட்ட கூட்டத்துக்காக ஊரைச் சுற்றித் தற்காலிக கேம்ப்புகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ரவுட்டர், கேமரா, கவுன்ட்டர் வைக்கச் சொல்கிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். பந்தலில் கரன்ட் போகும், யாராவது கேபிளை மிதிப்பார்கள், லிங்க் நிமிடத்துக்கு நிமிடம் விழுந்து எழும்.

இவர்களைத் தனி ஏரியாவில் போட்டு டோட்டலி ஸ்டப்பி ஆக்கிவிடுங்கள். வெளி உலகத்தின் ரூட்டுகள் எதுவும் உள்ளே போகாது. ஏ.பி.ஆர். ‘எல்லாம் என்னிடம் அனுப்பு’ என்று ஒரே ஒரு டிஃபால்ட் ரூட் கொடுக்கும். சின்ன ரவுட்டருக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. வெறும் ஸ்டப் என்றால் வெளி புரோட்டோகாலிலிருந்து வரும் டைப் 5 அறிவிப்புகள் தடுக்கப்படும், மற்ற ஏரியாக்களின் டைப் 3 வந்துகொண்டிருக்கும். டோட்டலி ஸ்டப்பியில் அதுவும் கட்.

இப்போது ஒரு கேம்ப்பில் வேறொரு கம்பெனியின் லைன் வருகிறது, அந்த ரூட்டையும் உள்ளே சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். ஸ்டப் ஏரியாவில் வெளி ரூட்டைப் புகுத்த அனுமதி இல்லை. அங்கேதான் என்.எஸ்.எஸ்.ஏ. (நாட்-சோ-ஸ்டப்பி ஏரியா): உள்ளே டைப் 7-ஆகப் போகும், ஏ.பி.ஆர். அதை டைப் 5-ஆக மாற்றி வெளியே விடும். எண்களை உருப்போடுவதைவிட இப்படி ஒரு சூழ்நிலையில் வைத்துச் சொன்னால் கேட்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த தரிசனம் 2059-இல். அதற்குள் நீங்கள் சி.டி.ஓ. ஆகியிருக்கலாம்.

7. மற்றவர்கள் தடுக்கி விழும் பள்ளத்தைத் தெரிந்துவைத்திருங்கள்.

இந்த ஒன்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள், கட்டுரையில் மிக விலையுள்ள பகுதி இது. உத்திரமேரூர் ஏரியா 48-க்கு இரண்டு ஏ.பி.ஆர். வைத்திருக்கிறீர்கள். ஊராட்சிகள் எல்லாம் சங்கிலி போல வரிசையாக இணைந்து, ஒரு முனை முதல் ஏ.பி.ஆர்.-இல், மறு முனை இரண்டாவதில். இரண்டிலும் அதே /20 ரேஞ்ச். பார்க்க அழகான டிசைன். ஒரு நாள் ரோடு வேலைக்கு வந்த ஜே.சி.பி. நடுவில் ஃபைபரை வெட்டுகிறது. ஏரியா இரண்டு துண்டு. ஆனால் இரண்டு ஏ.பி.ஆர்.-களும் ‘மொத்த /20-உம் என்னிடம்’ என்று முன்போலவே அறிவித்துக்கொண்டிருக்கும். மாவட்ட ஆபீஸிலிருந்து வரும் பேக்கெட் தப்பான பக்கம் போனால் அங்கேயே செத்துவிடும். பாதி ஊராட்சிகள் சில இடத்திலிருந்து கிடைக்கும், சில இடத்திலிருந்து கிடைக்காது. டிக்கெட்டில் ‘இன்டர்மிட்டன்ட் இஷ்யூ’ என்று எழுதி ஆளாளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

“இரண்டு ஏ.பி.ஆர்.-களுக்கும் நடுவே ஒரு லிங்க் போட்டால் சரியாகிவிடும்” என்று பாதிப் பேர் சொல்வார்கள். அந்த லிங்க் எந்த ஏரியாவில்? ஏரியா ஜீரோவில் போட்டால் வேலை செய்யாது. சுருக்கம் கொடுத்த ரவுட்டர் அந்த /20-க்கு ஒரு ‘நல்’ ரூட்டைத் தன்னிடமே வைத்திருக்கும். தன் பக்கத்தில் இல்லாத ஊராட்சிக்கு வரும் பேக்கெட்டை அதில் போட்டு எறிந்துவிடும், பக்கத்து ஏ.பி.ஆர்.-ஐக் கேட்கவே கேட்காது. லிங்க்கை ஏரியா 48-க்குள் போட வேண்டும். அப்போது ஏரியா துண்டாகாது, மேப் முழுசாக இருக்கும். இந்தப் பதிலை ஒயிட்போர்டில் படம் போட்டுச் சொல்கிற ஃப்ரெஷருக்கு எக்ஸ்பீரியன்ஸ் எத்தனை வருஷம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு பள்ளம் சின்னது. ஓ.எஸ்.பி.எஃப். எப்போதும் சொந்த ஏரியாவுக்குள் போகும் பாதைக்குத்தான் முதல் மரியாதை கொடுக்கும், காஸ்ட் எவ்வளவு அதிகமானாலும். ஏரியா ஜீரோவில் 10 கிகா லைன் சும்மா கிடக்க, ஏரியாவுக்குள் பழைய மெல்லிய லிங்க்கில் டிராஃபிக் நெரியும். புதிய லிங்க் வாங்கச் சொல்லும் முன் எல்லை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த்தையும்: பழைய 100 எம்.பி.பி.எஸ். டிஃபால்ட்டிலேயே விட்டிருந்தால் 100 மெகாவுக்கும் 10 கிகாவுக்கும் ஒரே காஸ்ட் 1 தான்.

8. நெய்பர் வரவில்லையா? வரிசையாகப் பாருங்கள்.

பதறி டீபக் போடாதீர்கள். ‘ஷோ ஐபி ஓ.எஸ்.பி.எஃப். நெய்பர்’ அடித்து ஸ்டேட்டைப் படியுங்கள். நெய்பரே தெரியவில்லை என்றால் ஏரியா எண், சப்நெட் மாஸ்க், ஹலோ-டெட் டைமர் (ஈதர்நெட்டில் 10, 40 விநாடி), ஸ்டப் ஃப்ளாக், பாஸ்வேர்ட். இனிட்டில் நின்றால் ஹலோ ஒரு வழியாகத்தான் வருகிறது. எக்ஸ்ஸ்டார்ட்டில் நின்றால் எம்.டி.யு.வைப் பாருங்கள். டூ-வே என்று நின்றால் பல நேரம் அது கோளாறே இல்லை. பொதுவான ஸ்விட்ச்சில் டி.ஆர்., பி.டி.ஆர். தவிர மற்றவர்கள் தங்களுக்குள் அப்படித்தான் நிற்பார்கள். அதற்கு அவசர டிக்கெட் போட்டு ராத்திரி டீம் லீடை எழுப்பிய ஜூனியரின் பெயர் ஆபீஸில் வெகு நாள் நிலைக்கும்.

9. சேஞ்ச் நைட்டில் உங்கள் மதிப்பு தெரியும்.

ஒரு லிங்க்கின் ஏரியா எண்ணை ரிமோட்டில் மாற்ற வேண்டுமா? முதலில் தூரத்து ரவுட்டரை மாற்றுங்கள், பிறகு பக்கத்து முனையை. தலைகீழாகச் செய்தால் நெய்பர் விழுந்து, தூரத்து ரவுட்டர் கைக்கு எட்டாமல் போய்விடும். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக வாலாஜாபாத்துக்கு பைக் எடுக்க வேண்டியதுதான். மாற்றும் முன் சிஸ்கோவில் ‘ரீலோட் இன் 10’ அடித்துவையுங்கள். கனெக்ஷன் போனால் பத்து நிமிடத்தில் அதுவே பழைய கான்ஃபிக்கில் எழுந்துகொள்ளும். நல்லபடியாக வந்தால் கேன்சல் செய்துவிட்டு, டேபிளைச் சரிபார்த்து, அதன் பிறகே சேவ். முன்கூட்டியே சேவ் செய்துவிட்டால் ரீலோட் உங்களைக் காப்பாற்றாது.

ரோல்பேக் படிகளை டிக்கெட்டில் முன்னதாக எழுதுங்கள். முடிந்ததும் ‘முன்-பின்’ அவுட்புட்டோடு மூன்று வரி மெயில். நல்ல வேலை செய்துவிட்டு மெயில் போடாதவரைவிட, சுமாரான வேலைக்கு நல்ல மெயில் போட்டவர் முதலில் புரமோட் ஆவதை நான் பார்த்திருக்கிறேன். நியாயமா என்று கேட்காதீர்கள், மெயில் போடுங்கள்.

ஃபைபர் ஸ்ப்ளைசிங் செய்யும் அண்ணனின் நம்பரையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் “அண்ணே, எந்த ரோட்ல கட் ஆச்சு?” என்று கேட்கத் தெரிந்தவருக்கு நாக் (நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர்) டேஷ்போர்டைவிட முன்னால் விஷயம் தெரியும்.

10. லேபுக்குக் காசு இல்லை என்று சொல்லாதீர்கள்.

2017-இல் குவாகாவிலிருந்து பிரிந்து வந்த எஃப்.ஆர்.ஆர். ரூட்டிங் சாஃப்ட்வேர் இலவசம். சாதாரண லினக்ஸ் லேப்டாப்பில் கன்டெய்னர்களாகப் பத்து இருபது ரவுட்டர்களை ஓட்டலாம். மேலே சொன்ன மாவட்ட டிசைனை அதில் கட்டி, லிங்க்கை வெட்டி, ஏரியா துண்டாவதைக் கண்ணால் பாருங்கள். அதை கிட்ஹப்பில் போட்டு லிங்க்கை ரெஸ்யூமேயில் கொடுங்கள். ‘ஓ.எஸ்.பி.எஃப். நாலெட்ஜ்’ என்ற வரியை அழித்துவிட்டு, ‘ஆறு ஏரியா டிசைன், ஏரியா பார்ட்டிஷன் சோதனையுடன்’ என்று எழுதுங்கள். கான்ஃபிக்கை பைத்தானிலோ ஆன்சிபிளிலோ உருவாக்கியிருந்தால் இன்னும் நல்லது. கையால் டைப் அடிக்கிறவர்களுக்கான வேலைகள் குறைந்துகொண்டே வருகின்றன, இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

11. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்.

ஃபேக்டரி, பேங்க், அரசு நெட்வொர்க் என்றால் ஓ.எஸ்.பி.எஃப். ஏரியா ஞானம் நேரடியாகக் காசாகும். டெலிகாம் பக்கம் என்றால் ஐ.எஸ்.-ஐ.எஸ். படியுங்கள். அங்கே எல்லை ரவுட்டருக்குள் ஓடாது, லிங்க்கின் மேல் ஓடும். ஒரு ரவுட்டர் முழுசாக ஒரே ஏரியாவுக்குத்தான் சொந்தம். லெவல் 1, லெவல் 2 என்று இரண்டு அடுக்கு. பெரிய டேட்டா சென்டர் ஆசை இருந்தால், அங்கே பல இடங்களில் உள்ளுக்கும் பி.ஜி.பி.யையே ஓட்டுகிறார்கள். 2016-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7938 அதற்கான பாடம். ஏரியா பற்றி அங்கே அதிகம் பேசினால் பழைய ஆள் என்று நினைப்பார்கள்.

12. கடைசியில் “எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். கேளுங்கள்.

லீவ் பாலிசி, கேப் வசதி எல்லாம் ஹெச்.ஆர். ரவுண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டெக்னிகல் ஆளிடம் இரண்டே கேள்வி: “உங்கள் நெட்வொர்க்கில் எத்தனை ஏரியா, அப்படிப் பிரித்ததற்கு என்ன காரணம்?” “வர்ச்சுவல் லிங்க் ஏதாவது ஓடுகிறதா?” முதல் கேள்விக்கு அவர் ஆர்வமாகப் பேனாவை எடுத்து வரைய ஆரம்பித்தால், கற்றுக்கொள்ளும்படியான இடம், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் யோசிக்கலாம். “முன்னாடி இருந்தவர் போட்டுட்டுப் போயிட்டார்” என்று சிரித்தால், அந்த நெட்வொர்க்கைச் சரிசெய்யப் போவது நீங்கள்தான். ஆன்-கால் அலவன்ஸை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.